கித்துல்கல ஆற்றுக்கு நான்கு சொற்கள்

ஞாயிறு, காலை 10 மணி. அப்புத்தளையிலிருந்து கித்துல்கலவுக்கு ரெயிலும் பஸ்ஸுமாக ஐந்து மணி நேரம். எங்கள் பயணமோ ரெயிலேறுவதற்கு ஆறு நாள் முன்னதாக, இந்த ஞாயிறன்றே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில், கயிற்றால் சேர்த்துக் கட்டிய இரண்டு லொறி டியூப்களின் மேல் தொடங்கிவிட்டது. முன்னால் என் அண்ணி சரோஜா. பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர். எல்லார் கையிலும் அடுப்புக்கு அடுக்கி வைத்த மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை. அதுதான் துடுப்பு. நான் தாளும் பேனாவுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

கித்துல்கலவில் ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி, பாறைகளுக்கு நடுவே பாய்கிற ஆற்றில் இறக்குகிறார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். அங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிற எங்கள் சொந்தக்காரர்தான் செய்தி அனுப்பியிருந்தார். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன, வழிகாட்டிகள் சிங்களத்தில் கத்துவது அவர்களுக்கு விளங்குவதில்லை, பெண்களோடு பேச ஒரு தமிழ்ப் பெண் வேண்டும் என்று முதலாளி தேடுகிறாராம். ஒரு தடவை வந்து படகில் ஏறி, கட்டளைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆற்றோடு போக வேண்டும். சரிப்பட்டால் வேலை.

சரிப்படாவிட்டால் குவைத். அண்ணன் இறந்து நான்கு வருடமாகிறது. கொழுந்து பறிக்கிற சம்பளம் பத்தாமல் அண்ணி வீட்டு வேலைக்கு எழுதிக்கொடுத்து, பாஸ்போர்ட்டும் பதுளை ஏஜென்சிக்காரரிடம் போய்விட்டது. கித்துல்கலவுக்குப் போய் வந்த மறு புதன்கிழமை மெடிக்கல். போனால் இரண்டு வருடம் வர முடியாது. மகள் கீர்த்திக்கு எட்டு வயது. குவைத்தைப் பற்றி அவளிடம் சொல்லியாயிற்று. கித்துல்கலவைப் பற்றிச் சொல்லவில்லை, நடக்காவிட்டால் இரண்டாவது ஏமாற்றமாகிவிடுமே என்று.

வழிகாட்டி சமிந்த, கட்டளைகளைச் சிங்களத்தில் பேசி என் போனுக்கு அனுப்பியிருந்தார். நான் பண்டாரவளையில் போட்டோகொப்பி, டைப்பிங் கடையில் வேலை செய்பவள். தமிழ்ப் பாடத்தில் எடுத்த புள்ளியைக் கேட்காதவர்களுக்கும் சொல்கிற வழக்கம் எனக்கு உண்டு. மொழிபெயர்ப்பை நான்தான் செய்தேன். "முன்னோக்கித் துடுப்பிடுங்கள்" என்று வாசித்துக் காட்டினேன்.

"இத நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தண்ணி எங்கள கொழும்புக்கே கொண்டு போயிரும்," என்றார் அண்ணி.

அவரே நான்கு சொற்களாக்கினார். முன்னால் போக வலி. பின்னால் போகத் தள்ளு. நிறுத்த விடு. ஆபத்தென்றால் படகுக்குள் இறங்கிக் குந்து. என் தாள் அன்று அடுப்புக்குத்தான் உதவியது. "வலி!" என்று அவர் முதல் தடவை போட்ட சத்தத்தில் கீழ் லயத்திலிருந்து இரண்டு பேர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். பனி மூடிய மலையில் எதிர்ப்பக்கம் நிற்பவளை இருபது வருடமாகக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. தினமும் கேட்கிற குரல்தான், ஆனாலும் எனக்கு அன்று மேல் சிலிர்த்தது.

எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் பக்கம் குளிப்பது மலையிலிருந்து குழாயாக விழுகிற பீலித் தண்ணீரில், முழங்கால் நனைவதோடு சரி. தேவையில்லை, அங்கே தருகிற மிதவைச் சட்டை தாங்கும், விழுந்தால் மல்லாந்து படுத்துக் காலை ஆற்றின் போக்கில் நீட்டினால் போதும் என்று சமிந்த சொல்லியிருந்தார். அண்ணி சிமெந்துத் தரையில் மல்லாந்து, காலைத் தூக்கிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் கிடந்தார். ஒவ்வொரு நாள் மாலையும் மலையிலிருந்து வந்ததும் இதைச் செய்தார். கீர்த்தி, அம்மாவுக்கு இடுப்பு வலி என்று நினைத்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள்.

வெள்ளி, மாலை 4.30. பண்டாரவளையில் சேலைக்குப் பதிலாக உடுக்க இரண்டு நீளக் காற்சட்டை வாங்கப் போனோம். முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்போம், ஒன்றுக்கு 1,850 ரூபா சொன்னார், 1,600க்கு இறங்கினார். எதற்கென்று கேட்டார். சொன்னேன்.

"காசு குடுத்தா தண்ணியில விழப் போறீங்க?"

"விழாம இருந்தா காசு தருவாங்களாம் நானா," என்றார் அண்ணி.

அவர் சிரித்துவிட்டு, போன் நனையாமல் இருக்கக் கட்டியான பிளாஸ்டிக் பை இரண்டைச் சும்மா கொடுத்தார்.

சனி, காலை 7.40. அப்புத்தளை ஸ்டேஷன். ஹட்டனுக்கு மூன்றாம் வகுப்பு. கீர்த்தி என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தாள். அண்ணியும் நானும் ஒரு வேலையாகப் போய் வருகிறோம் என்று மட்டும் சொன்னோம். அவள் எதையும் கேட்கவில்லை. குவைத்தைச் சொன்ன நாளிலிருந்தே அவள் அதிகம் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கம் ரெயிலைக் கோச்சி என்போம். அண்ணி பதுளைப் பக்கம் கோச்சியில் போயிருக்கிறாரே தவிர, இந்தப் பக்கம் வந்ததில்லை. இதல்கஸ்ஹின்னவுக்கு முன்னால் தண்டவாளம் மலை முதுகின் மேலேயே ஓடுகிறது. இடது பக்கம் தெற்குச் சமவெளி முழுவதும் கிடுகிடு பள்ளத்தில் கிடக்கிறது, வலது பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு. அண்ணி இரண்டு ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "நம்ம மல இவ்வளவு ஒசரத்திலயா இருக்கு?" என்றார். இருபது வருடம் அதே மலையில் கூடை சுமந்தவர், அதன் உயரத்தை அன்றுதான் பார்த்தார். ஒஹிய, பட்டிப்பொலக் காடுகளைத் தாண்டி நானுஓயா, தலவாக்கலை என்று ஊர்கள் வர வர எங்கும் தேயிலைதான். "இங்கயும் இதேதானா?" என்று கடைசியில் சலித்துக்கொண்டார். 10.50க்கு ஹட்டன். அங்கிருந்து பஸ், கினிகத்தேனை வழியாக வளைந்து வளைந்து இறக்கம். காது அடைத்தது, குளிர் போய்ப் புழுங்கத் தொடங்கியது. பகல் 1 மணிக்கு முன்பே இறங்கிவிட்டோம்.

ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே அதன் சத்தம் கேட்டது. பாக்டரி இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடுவது போல, ஆனால் நிற்காமல். மூங்கில்களை விலக்கிக்கொண்டு பார்த்தேன். கரும்பச்சைத் தண்ணீர் பாறையில் ஏறி, வெள்ளையாக உடைந்து, உடனே ஒன்றும் நடக்காதது போல மறுபடி பச்சையாகிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்கவும் மனமில்லை. அண்ணி ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அழகா இருக்கு தங்கச்சி," என்றார். அப்புறம், "ஏஜென்சிக்கு இன்னும் இல்லன்னு சொல்லல நான்."

ஞாயிறு, காலை 8 மணி. ஆயத்தம். சமிந்தவுக்கு முப்பது வயதிருக்கும், அரைகுறைத் தமிழ். மிதவைச் சட்டையின் நான்கு பட்டிகளையும் இழுத்துக் கட்டி, தோள்பட்டையில் பிடித்து எங்களைத் தூக்கிப் பார்த்தார். சட்டை மேலே வரக் கூடாது, ஆள்தான் மேலே வர வேண்டுமாம். தலைக்கவசத்துக்குள் இரண்டு விரல் போகக் கூடாது. செருப்பை ஆறு கொண்டுபோய்விடும், வெறுங்கால்தான். "படகு விளிம்புல இருக்கணும். கால் உள்ள குறுக்கு டியூப்புக்குக் கீழ செருகணும். கை இல்ல, கால்தான் புடிக்கிறது." இதை மூன்று தடவை சொன்னார். எங்களோடு வர யாழ்ப்பாணத்திலிருந்து தாய், தகப்பன், வளர்ந்த இரண்டு மகள்மார் வந்திருந்தார்கள். ஒருவருக்கு 5,000 ரூபா கட்டியிருந்தார்கள். அண்ணி அவர்களை நிறுத்தி நான்கு சொற்களையும் கற்றுக்கொடுத்தார். "ஓம், விளங்குது," என்றார் அந்தத் தாய், மூத்த மகளின் கையை விடாமலே.

படகேறும் இடத்துக்குச் சின்னக் காட்டுப் பாதை. முதல்நாள் மழையில் ஈரம். பாதையைக் கண்டதும் அண்ணி பையிலிருந்து சவுக்காரக் கட்டியை, அதாவது சோப்பை, எடுத்தார். மலைக்கு ஏறுமுன் அட்டைக்கடிக்குப் பயந்து காலில் ஈரச் சவுக்காரத்தைப் பூசிக் காயவிடுவது எங்கள் பெண்களுக்குப் பல்துலக்குவது மாதிரி. முழங்கால் முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டார், எனக்கும் பூசிவிட்டார். சமிந்த படகைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஓர் அட்டைகூடக் கடிக்கவில்லை, அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

9.40. முதல் இரண்டு பாய்ச்சல்கள் எப்படிப் போயின என்று கேட்டால், தண்ணீர் முகத்தில் அறைந்தது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. பின்னால் சமிந்த சிங்களத்தில் சொல்ல, முன்னால் அண்ணி "வலி! விடு!" என்று கொடுத்தார். ஆற்றின் இரைச்சலை மீறி அந்தக் குரல் தனியாகக் கேட்டது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவதில் படகு மூக்குக் குத்திக் கீழே இறங்கியது. என் கால் டியூப்புக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததை உணர்ந்தேன். பக்கக் கயிற்றை எட்டிப் பிடித்துவிட்டேன். அண்ணியின் கையில் துடுப்பு இருந்தது. அவருடைய இரண்டு காலும் மேலே எழும்பியதைப் பார்த்தேன். அடுத்த நொடி அவர் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

எல்லாரும் துடுப்பை நிறுத்திவிட்டோம். அந்தத் தாய் கடவுளைக் கூப்பிட்டார். படகு பக்கவாட்டில் திரும்பி ஒரு பெரிய பாறையை நோக்கிப் போனது. சமிந்த கத்தினார், யாருக்கும் விளங்கவில்லை. சிங்களம் தெரிந்த எனக்கே விளங்கவில்லை. நான் கீர்த்தியை நினைத்தேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன்.

அப்போது படகுக்கு இடது பக்கம், தண்ணீருக்குள்ளிருந்து வந்தது: "வலி!"

மல்லாந்து, கால் இரண்டையும் முன்னால் நீட்டி, சிமெந்துத் தரையில் கிடந்த அதே கிடையில் அண்ணி போய்க்கொண்டிருந்தார். வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினார், மறுபடி கத்தினார். "என்ன பாக்காதீங்க. வலி! வலி!" எங்கள் கைகள் தாமாகத் துடுப்பை வலித்தன. பாறை ஒரு முழத் தூரத்தில் விலகிப் போனது. கீழே அமைதியான தண்ணீரில் சமிந்த அவரைத் தோள்பட்டியில் பிடித்து, மீனை இழுப்பது போல உள்ளே இழுத்துப் போட்டார்.

அந்தப் பெரிய ஆற்றைப் பார்த்து வாயடைத்துப் போனதாக எழுதத்தான் வந்தேன். உண்மையில் எனக்குப் பேச்சு நின்றது, இருமிக்கொண்டே தலைகளை எண்ணிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்துத்தான்.

சமிந்த அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் நுரை. "இது என்ன?"

"சவுக்காரம்," என்றார் அண்ணி. "அட்டைக்கு."

அவர் என் காலையும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கரையில் ஒதுக்கி, இரண்டு கை மணலை அள்ளி வைத்து, "தேய்ங்க," என்றார். தேய்த்தோம். மிச்ச ஆற்றை யாரும் விழாமல் முடித்தோம்.

11.20. கரையில் முதலாளி நின்றிருந்தார். அண்ணி ஈரத்தோடு தள்ளி நின்று, "முடிஞ்சிருச்சு தங்கச்சி. முத நாளே விழுந்தவள யாரு வேலைக்கு வைப்பா," என்றார். சமிந்த முதலாளியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. விழுந்ததை மறைக்கவில்லை, சவுக்காரத்தையும் மறைக்கவில்லை. பிறகு சொன்னார்: தான் கத்தி அசையாத படகு, தண்ணீருக்குள் கிடந்த இவர் சொல்லி அசைந்தது.

முதலாளி எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். அண்ணி பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார், என்னைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லி: "ரெண்டு கெழமைக்கு ஒருக்கா ரெண்டு நாள் வீட்டுக்குப் போகணும். மக இருக்கு. அது முடியாதுன்னா வேண்டாம்." சனி ஞாயிறு முடியாது, திங்கள் செவ்வாய் போகலாம் என்றார் அவர். அன்றைக்கே மதியம் இன்னொரு தமிழ்க் குடும்பம் வருகிறது, நிற்க முடியுமா என்றும் கேட்டார். அண்ணி என் போனை வாங்கி ஏஜென்சிக்காரருக்கு எடுத்தார். அவர் நிறையப் பேசினார் போல. அண்ணி ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் வரலைங்க."

அண்ணியை அங்கே விட்டு நான் மட்டும் திரும்பும் வழியில் பக்கத்து ஸீட்டில் அவருடைய பை இல்லாதது கை ஒடிந்த மாதிரி இருந்தது. ஹட்டனிலிருந்து ரெயில் மறுபடி குளிருக்குள் ஏறியது. சந்தோஷத்திலும் அழுகை வருமென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாலை 6 மணி தாண்டி லயத்துக்கு வந்தேன். கீர்த்தி வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள்.

"அம்மாவுக்கு வேலை கெடைச்சிருச்சு," என்றேன்.

"குவைத்துக்குப் போயிட்டாங்களா?"

"இல்லடி. கித்துல்கல. ரெண்டு கெழமைக்கு ஒருக்கா திங்கக்கிழமை வருவாங்க."

எங்கள் லயத்தில் தாயை வெளிநாட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க அவர்களில் யாருக்கும் வாய்த்ததில்லை.

"எந்தக் கோச்சியில அத்தை?"