அவர்கள் நீட்டிய பெட்டி

நான் ரெண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை தூக்கத் தொடங்கி, அதே தெருவில் சொந்தக் குடோன் வைத்தவன். பி.காம் படித்த நாலு பேர் என்னிடம் கைகட்டி நின்று சம்பளம் வாங்கினார்கள். அதனால் படித்தவரைப் பார்த்ததும் எழுந்து நிற்கும் பழக்கம் என்னிடம் கிடையாது.

நான் மேலே வந்ததற்கு ஒரே ஒரு விதிதான் காரணம். விற்கிறவன் நீட்டும் மூட்டையைத் தொடாதே. அவனாக இழுத்துப் போட்டு, "இதைப் பாருங்க முதலாளி" என்றால், அது காட்டுவதற்கென்றே கட்டிய மூட்டை. நான் நேரே கடைசி வரிசைக்குப் போய், எனக்குப் பிடித்த மூட்டையில் குத்தூசியை இறக்கி, வந்து விழுகிற மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து விலை சொல்லுவேன். ஒருவனும் என்னை ஏமாற்றியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலை, குடோனில் அடுக்கு சரிந்து என் தங்கச்சி புருஷன் தலையில் மூட்டை விழுந்தது. எனக்கு வலது கை அந்த மாப்பிள்ளைதான். மிளகை முகர்ந்தே எந்த மலைச் சரக்கு என்று சொல்லுவான். காதில் ரத்தம், பேச்சு மூச்சில்லை. தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு, வேனில் போட்டுப் பாலம் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

அங்கே நோயாளியோடு நின்று கையெழுத்துப் போடுபவனுக்குப் பைஸ்டாண்டர் என்று பெயர். "பைஸ்டாண்டர் ஆரா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு டாக்டரம்மா வந்தாள். நான்தான் என்றேன். என் மகள் வயசுகூட இருக்காது. கையில் காகிதம். படித்தவர்களுக்குக் காகிதம் இல்லாமல் மூச்சு வராது.

"சேட்டா, மூளை வீக்கத்துக்கு ஒரு மருந்து இருக்கு. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. எது நல்லதுன்னு பார்க்கிற பரிசோதனை. சம்மதம்னா இதுல கையெழுத்து போடுங்க. வேகம் வேணும்."

"எங்க ஆளுக்கு எது?"

"எனக்கும் தெரியாது. பெட்டியில நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"அந்த மருந்து நல்லதா கெட்டதா?"

"அதுவும் தெரியாது சேட்டா. அதுக்குத்தானே பார்க்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "கொச்சுப் பொண்ணே, உன் சரக்கு என்னன்னு உனக்கே தெரியாது, அதை என் தலையில கட்ட வந்தியா? இப்படிப் பேசினா எங்க பஜார்ல சாயாகூட விக்க முடியாது."

அலமாரியில் ஒரே மாதிரி பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவள் முன்னால் இருந்ததை எடுத்தாள். எனக்கு உடனே பொறி தட்டியது.

"அது வேண்டாம். பின்னாலிருந்து மூணாவதை எடு. போட்டுடறேன் கையெழுத்து."

"அப்படி எடுக்கக்கூடாது. நம்பர் வரிசைப்படிதான்."

"ஆமா, முன்னால தண்ணி, பின்னால மருந்து. உங்க ஆட்கள் வந்தா பின்னால கை போகும்."

தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அவருக்கு மூச்சே சரியில்ல, போட்டுத் தொலைங்களேன்!"

நான் போடவில்லை. டாக்டரம்மா முகம் சுளிக்கவும் இல்லை. "பரவாயில்ல, மத்த வைத்தியமெல்லாம் எப்பவும் போல நடக்கும்" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே தோப்பும்படியிலிருந்து வந்த ஒரு மீன்காரி, படகில் அடிபட்ட புருஷனோடு நின்றாள். அவள் ஒரு நிமிஷத்தில் விரலை மையில் வைத்தாள்.

"அம்மா, அது முன்வரிசைச் சரக்கு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்கிட்ட மீன் வாங்க வர்றவனும் அடிக்கூடையிலதான் கை விடுவான். கெட்ட மீன் எல்லாக் கூடையிலயும்தான் கிடக்கு, போவீங்களா!"

நான் அங்கே நிற்காமல், பெரிய டாக்டர் அறைக்குள் நேரே புகுந்தேன். அவரல்லவா மனுஷன்! பெட்டி, நம்பர் ஒன்றும் பேசவில்லை. "என் அனுபவத்துல இது நல்ல மருந்து. நானே எழுதறேன்" என்றார். மருந்தின் பேர் எழுதிய பாட்டிலையே என் கண் முன்னால் உடைத்து ஏற்றினார்கள். நாலாம் நாள் மாப்பிள்ளை கண் திறந்து சாயா கேட்டான். உப்புத் தண்ணிக்குத் தப்பிய கதையை நான் பஜார் முழுக்கச் சொன்னேன். பல வருஷம் சொன்னேன்.

மீன்காரி புருஷனும் பிழைத்துப் போனான். அதை நான் கதையில் சேர்ப்பதில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு குறை நின்றுவிட்டது. மூக்கு போய்விட்டது. மிளகும் மரத்தூளும் அவனுக்கு ஒன்றுதான். தலைவலியும் மறதியும் சேர்ந்துகொண்டன. சில வருஷம் கழித்து மூவரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா, இப்போது கண்ணாடி போட்டிருந்தாள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம்.

"அந்தப் பெட்டியில என்னதான் இருந்துது, இப்பவாவது தெரியுமா?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"ஒவ்வொரு பெட்டியையும் சொல்லக்கூடாது. ஆனா அந்த மருந்தைத் தலையடிக்கு இப்போ கொடுக்கறதில்ல சேட்டா. எத்தனையோ ஊர்ல பார்த்தாங்க. நல்லது செய்யல, கெடுதல்தான்."

தங்கச்சி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பெரிய டாக்டர் நல்ல மருந்துன்னாரே!"

"அவர் அப்படி நம்பினார். நான் தெரியாதுன்னு சொன்னேன்."

"இவன் மூக்கும் மறதியும் அந்த மருந்தாலயா?"

"அடியாலதான் இருக்கும். மருந்து எதைக் கூட்டிச்சு, கூட்டலன்னு ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது."

முப்பது வருஷம் பஜாரில் உட்கார்ந்தவன் நான். தன் சரக்கைப் பற்றித் தெரியாது என்று சொன்ன ஒரு வியாபாரியைக்கூடக் கண்டதில்லை. அப்படிச் சொன்னவளை நான் எப்படி நம்ப? நெஞ்சை நிமிர்த்தி நல்ல சரக்கு என்றவனை நம்பினேன். எந்த ஆம்பளையும் அதைத்தான் செய்திருப்பான். இதைத்தான் தங்கச்சியிடமும் வேனில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைதான் சமாதானம் செய்தான். "விடுங்க மச்சான். மீன் சந்தையில எல்லாரும் மூக்கைப் பொத்தும்போது நான் ஒருத்தன்தான் நிம்மதியா சாயா குடிக்கிறேன்."

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அவர்கள் ரெண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். வேன் குடோன் வாசலில் சும்மாதான் நின்றது. பைஸ்டாண்டர் என்ற இடத்தில் தங்கச்சி தன் பெயரைச் சொன்னாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.