அக்காவுக்குக் கேட்ட குரல்

நாற்பது தாண்டியபின் அஞ்சல்வழியில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதன் நேரடி வகுப்புக்கு ஓட வேண்டும். மனநிலை எப்போது இயல்பிலிருந்து பிறழ்கிறது என்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பதைப் பற்றி ஆசிரியை சொன்னபோது எனக்கு அக்காவின் நினைவு வந்தது.

அத்தான் மாரடைப்பில் போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. அக்கா நகரின் இன்னொரு பக்கம், லோத்குண்டாவில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முந்தின வாரம்தான் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள்:

"சாயங்காலம் அடுப்படியில நிக்கும்போது, 'டீ போடு'ன்னு அவுக சொல்லுத மாதிரியே கேக்குட்டி. திரும்பிப் பாத்துருதேன்."

அன்று அது துக்கப் பேச்சாகத் தெரிந்தது. இப்போது நோயின் பெயரோடு வந்து நின்றது. தினமும் வேலை முடிந்து ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரம் கழுவும் அவள் கை சற்று நின்றாலே, குரல் கேட்கிறதோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "தூங்குதியா? ஆராச்சும் உன்னப் பத்திப் பேசுத மாதிரி இருக்கா?" என்று துளைத்தேன்.

ஒருநாள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"ஏன்ட்டி என்னைய உத்து உத்துப் பாக்குத? எனக்குப் பைத்தியம்னு நெனைக்கியா?"

நான் துண்டை எடுத்து, கழுவிய பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினேன்.

"நக்கோ, வேண்டாம்ட்டி. இனிமே உங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் மறைத்துக்கொண்டே இருந்து நோய் முற்றிப் போய்விட்டால்? அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை.

அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம், தெரிந்த ஒருவருக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அவர் குரலைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. அந்தத் தெரிந்தவர் வேலைக்குப் போகிறாரா, சாப்பிடுகிறாரா, கணவர் இறந்தது அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா, குரல் மிரட்டுகிறதா, தீங்கு எதையாவது செய்யச் சொல்கிறதா என்றெல்லாம் கேட்டார். ஒரு அறிகுறியை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்கக் கூடாது என்றார். எவ்வளவு வேதனை, அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைபடுகிறது, எந்தச் சூழலில் வருகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணையை இழந்த பலருக்கும் இப்படிக் கேட்பதுண்டாம். சாப்பாடும் தூக்கமும் கெட்டாலோ, குரல் அப்படித் தீங்கு செய்யச் சொன்னாலோ டாக்டரிடம் உடனே போக வேண்டும் என்றவர், என் முகத்தைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபம் அடங்கும்வரை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் குரலக் கேட்டா பயமா இருக்காக்கா?"

"இல்லட்டி. கேக்காமப் போயிருமோன்னுதான் பயம்."

கிறிஸ்துமஸ் நெருங்கிய சமயம் அந்தக் குரல் நின்றுபோனது. போனில் சொல்லி அழுதாள். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு அக்கா வீட்டுக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.