பேண்டேஜ் கட்டிக்கொண்டு படகேறினேன்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, துடுப்புப் படகு விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வேலை பார்க்கும் பாத்திமாவும் போனோம்.

உயிர்காப்புச் சட்டை கட்டாயம், படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று கரையில் போர்டு இருந்தது. எனக்குக் கொடுத்த சட்டையில் கொக்கி உடைந்திருந்தது. போட்டிருந்தால் போதாதா என்று படகில் கால் வைத்தேன்.

"ஏட்டி, தண்ணியில விழுந்தா தலைவழியாக் கழண்டுரும்" என்ற பாத்திமா, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பேண்டேஜ் சுருளை எடுத்து என் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"அடிபடுறதுக்கு முன்னாடியே கட்டா?" என்று சிரித்தேன்.

நாங்களே துடுப்புப் போட்டு நடுவில் போனதும் கோயில் கோபுரம் தெரிந்தது. போட்டோ எடுக்க எழுந்து நின்றேன். படகு சாய்ந்து, நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. சட்டை மோவாய்வரை ஏறியது, ஆனால் கட்டு அவிழவில்லை. கரையில் நின்ற படகுக்காரர் இன்னொரு படகில் வரும்வரை, பாத்திமா நீட்டிய துடுப்பைப் பிடித்தபடி மிதந்தேன்.

"இந்தக் கட்டு எப்படிம்மா தாங்குச்சு?" என்றார் அவர்.

"நாங்க செஞ்ச துணில்லா" என்றாள் பாத்திமா. நடுக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது எங்கே படகேறினாலும் கொக்கியை இழுத்துப் பார்த்து, சரியில்லை என்றால் வேறு சட்டை கேட்கிறேன். உட்கார்ந்தால் கரை வரும்வரை எழுவதில்லை.

"அதான் பேண்டேஜ் இருக்குல்லா, கட்டிக்கிடலாமே" என்று பாத்திமா கேலி செய்வாள்.

"அது அடிபட்டவங்களுக்குச் செய்யிறதுட்டி" என்பேன்.