ஒண்ணுமில்ல, கஷாயம்தான்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழையில் மயிலாப்பூர் முழுக்க நசநசவென்று ஊறிக் கிடந்த சமயம். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் நான், கணவர், மாமியார், குழந்தை என்று நாலே பேர்.

நான் டப்பிங் கலைஞர். சீரியல்களில் எந்நேரமும் அழுதுகொண்டிருக்கும் மருமகள்களுக்குக் குரல் கொடுப்பேன். என் முகம் யாருக்கும் தெரியாது, அழுகை எல்லா வீட்டுக்கும் தெரியும். இன்னும் தாமதித்தால் வேறு குரல் போட்டுவிடுவோம் என்று ஒரு சீரியலில் சொன்னதால், பிரசவத்துக்குப் பிறகு அவசரமாக வேலைக்குத் திரும்பியிருந்தேன். போன வேகத்தில் ஸ்டூடியோ ஏசியில் தொண்டை கட்டிக்கொண்டது. கதறி அழ வேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது.

அதே சீரியலில் என்னைப் படாதபாடு படுத்தும் மாமியாருக்குக் குரல் கொடுக்கும் அக்கா, நிஜத்தில் தங்கமான மனுஷி. அடையாறில் ஒரு ஆர்கானிக் கடையில் வாங்கியது என்று காய்ந்த இலை பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்தார். சேஜ் என்று போட்டிருந்தது. வெளிநாட்டு மூலிகை. அங்கெல்லாம் தொண்டை கட்டினாலும் ஈறு வீங்கினாலும் இதைத்தான் வெந்நீரில் போட்டுக் கொப்பளிப்பார்களாம். மாதவிலக்கு நிற்கிற வயதில் திடீர் திடீரென்று வரும் சூடும் வியர்வையும் தனக்கு இதில்தான் அடங்கியது என்றார் அந்த அக்கா. வியர்வையை அடக்குகிற இலை என்று அன்றைக்கே என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாக்கெட்டைப் பிரித்து, சாம்பல் பச்சை இலையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்த்தார்.

"நம்ம கற்பூரவல்லிக்கு அக்கா மாதிரி கீது. நல்ல சரக்குதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பாக்கெட்டில் ஒரு ஸ்பூன் இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் எடுபடுமா? இலை என்று ஒன்று வந்துவிட்டால் மூன்று டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டியாக வேண்டும். அத்தை ஒரு கைப்பிடி போட்டுக் கொதிக்கவிட்டு, பனங்கற்கண்டு தட்டிப் போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார். தீரத் தீர இன்னொரு ஃபிளாஸ்க் தயாராகும். எனக்குத் தொண்டை நன்றாகவே திறந்தது. அதைச் சொல்லாவிட்டால் இலைக்குத் துரோகம்.

அதற்கு முன்பெல்லாம் மைக் முன்னால் நின்று அழுதால் மார்பு கனத்து, பால் சுரந்து, குர்தா நனைந்துவிடும். மாற்று உடை இல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போக முடியாது. அந்த வாரம் உடை நனையவே இல்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

குழந்தை சப்பும், விடும், முகம் சிவக்க அழும். இடுப்பில் கட்டிய துணி மணிக்கணக்காகக் காய்ந்தே இருந்தது. நான் வேலைக்குப் போனதால்தான் என்று அத்தை நினைக்கிறாரோ என்று எனக்கு உள்ளூரக் குமைச்சல். அவர் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். பால் ஊறச் சுறாப் புட்டு செய்தார், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் தாக்கியிருக்கும் என்று கஷாயத்தையும் கூடுதலாகவே ஊற்றினார். ஒரு கையால் பாலுக்கு வழி செய்துகொண்டு மறு கையால் அடைத்துக்கொண்டிருந்தோம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஆழ்வார்பேட்டையில் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். எடை ஏறவில்லை என்று சொல்லி, நான் ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு மாத்திரைகூடத் தொடாமல் இருப்பதில் எனக்குப் பெருமை வேறு. அடிக்கடி பால் கொடுங்கள், வேலைக்குக் கொஞ்ச நாள் போக வேண்டாம், இரண்டொரு நாளில் மறுபடி காட்டுங்கள் என்று அனுப்பினார். சீரியலில் குரலை மாற்றிவிட்டார்கள். அதற்காக வருத்தப்படக்கூட எனக்கு நேரமில்லை. ஏனென்றால் அதற்குள் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டாள். சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி டாக்டரிடம் கிளம்பிய அன்று கணவர் நேராக வேலையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். அத்தையும் நானும் ஆட்டோவில் போனோம். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்துச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். மழை வேறு. நாலு பக்கமும் ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. மடியில் இருந்தவள் இமைகூட அசைக்கவில்லை. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தேன். அத்தையும் வைத்துப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எடை குறைந்திருந்தது. டாக்டர் கன்னத்தைத் தட்டி எழுப்பிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்றார். மருந்து எதுவும் சாப்பிடவில்லையே என்று திரும்பவும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அழுது அழுது நா வறண்டிருந்தது. பழக்க தோஷத்தில் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துத் திறந்தேன். அறை முழுக்க வாசனை.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர், கஷாயம்தான்."

என்ன இலை என்று கேட்டார். சொன்னேன். எப்படிச் செய்கிறோம், எவ்வளவு குடிக்கிறேன் என்று துருவித் துருவிக் கேட்டார். அத்தை கைப்பிடி அளவை விரலை மடக்கிக் காட்டினார்.

"மருந்து எதுவும் இல்லைன்னு சொன்னீங்களே."

"இது மருந்து இல்லையே டாக்டர்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாகவே சொன்னார். குழந்தைக்குப் பாலை மறக்கடிக்கும்போது பால் வற்ற வேண்டும் என்று அந்த நாடுகளில் பெண்கள் இதே இலையைத்தான் குடிப்பார்களாம்; வியர்வையை அடக்குகிற இலை பாலையும் அடக்குமாம். எப்போதாவது ஒரு கப் டீ என்பது வேறு, சுண்டவைத்து நாள் முழுக்கக் குடிப்பது வேறு என்றார். முழுப்பழியையும் இலைமேல் போட முடியாது, அலைச்சலும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கலாம், ஆனால் இந்த நிமிஷமே நிறுத்துங்கள் என்றார். இப்போதைக்குப் பவுடர் பால் கொடுத்துப் பார்ப்போம், குழந்தை தெளியவில்லை என்றால் சேர்த்துவிடலாம் என்று எங்களை அங்கேயே உட்காரவைத்தார்.

நர்ஸ் கலக்கித் தந்த பாலை அத்தைதான் பாலாடையில் புகட்டினார். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு ஒரு மிடறு இறங்கியது, இன்னொன்று இறங்கியது. அத்தை குழந்தை முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னார்.

"கொய்ந்த வாயில நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேனே."

குடித்தவள் நான், கேட்காமல் விட்டவளும் நான் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சீரியலில் இத்தனை மாமியார் மருமகள் சண்டைக்குக் குரல் கொடுத்தவள், அன்று என் மாமியார் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். ரொம்ப நேரம் கழித்து, கணவரும் மழையில் நனைந்து வந்து சேர்ந்த பிறகு, அத்தை புடவை மடியைத் தொட்டுப் பார்த்து, "நனச்சுட்டா" என்றார். அந்த ஈரத்தை நானும் தொட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரவில்லை.

எனக்குப் பால் உடனே வந்துவிடவில்லை. பவுடர் பாலும் பாலாடையுமாகப் பல நாட்கள் ஓடின. ஒரு சாயங்காலம் டிவியில் அந்தச் சீரியல். நான் முன்பே பேசிவைத்த காட்சி, என் குரலிலேயே ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே மார்பு கனத்து குர்தா நனைந்தது. அத்தையிடம் ஓடிக் காட்டினேன். அவர் சுவாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது என் மகள் வீட்டில் ஒரு சாமானை வைத்த இடத்தில் இருக்கவிடுவதில்லை. எந்த டாக்டர் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாலும் காலைச் சுக்குக் காபியில் ஆரம்பித்து ராத்திரி மிளகு ரசம் வரை ஒப்பிக்கிறேன். கணவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். சிரிக்கட்டும். அந்த அக்கா இன்றைக்கும் அதே இலையில் கொப்பளிக்கிறார், அவருக்கு அது நல்லதே செய்கிறது. ஆனால் 'ஒண்ணுமில்ல' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், லஸ் நெரிசலில் அத்தனை ஹாரனுக்கும் கண் திறக்காமல் என் மடியில் கிடந்த அந்தச் சின்ன முகம் முன்னால் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.