இடது முன்மூலையில் குந்தியிருந்தவர்

“பங்குனி, முதல் ஞாயிறு, காலை. வளவனூர் சாலை. மச்சினன் வண்டி. இடது முன்மூலை தெரியவில்லை.”

ஓட்டிப் பார்க்கும் கார்களைப் பற்றித் தேதியோடு குறித்து வைப்பது என் வழக்கம். அன்றைய குறிப்பு இவ்வளவுதான்.

என் மனைவிக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்றல் வந்திருந்தது. தானே கார் ஓட்டிப் போய்வர ஆசைப்பட்டு, லைசென்ஸும் எடுத்துவிட்டாள். குள்ளமானவள். கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டுமென்றால் பஸ்ஸே போதும் என்றும் சொல்லியிருந்தாள். அவள் தம்பியோ, உயரமான வண்டிதான் அக்காவுக்குச் சரி என்று தன் புது வண்டியையே கொண்டுவந்து நிறுத்தினான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. உயரத்தில் உட்கார்ந்தால் தூரம் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. இப்போது வரும் வண்டிகளில் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும் ஒரு பைக்கையே மறைக்கும் அளவுக்குப் பருத்துவிட்டன. கவிழ்ந்தால் கூரை தாங்க வேண்டும் என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டு ஜன்னல் பின்னால் போகப்போக ஏன் மேலேறிச் சுருங்க வேண்டும்? பின்கண்ணாடி ஏன் தபால்பெட்டியின் வாய் மாதிரி ஆக வேண்டும்? அது வெறும் தோரணை. வெளியே நின்று பார்ப்பவருக்காக வரைந்த வண்டியை உள்ளே உட்கார்ந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. நான்கு பக்கமும் கண்ணாடியாக இருந்த எங்கள் பழைய காரை மச்சினன் மீன்தொட்டி என்பான். அதை விற்றதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வளவனூரைத் தாண்டியதும் சாலையின் இடது ஓரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். எதிரே கரும்பு டிராக்டர் வரவே, மனைவி மெல்ல இடது பக்கம் ஒதுங்கி நிறுத்தினாள். பானெட்டுக்கு முன்னாலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றார். காயைத் துழாவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தவர். ஒன்றும் ஆகவில்லை. மனைவி இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏம்மா, குந்திக்கினு இருக்கேன், தெரில?”

“தெரியலங்க.”

அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நான் இறங்கி மன்னிப்புக் கேட்டேன். வண்டியைப் பின்னால் எடுத்து, கைபிரேக் போட்டு, சாவியையும் எடுத்துவிட்டு, அதே தூரத்தில் ஒருமுறை உட்கார்ந்து காட்ட முடியுமா என்றேன்.

“காரு பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? குந்துன்றீங்க, எழுந்திருன்றீங்க” என்றவர், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஓட்டுநர் இருக்கையில் மனைவியின் கண்மட்டத்துக்குச் சரிந்து பார்த்தேன். உடம்பை பானெட் மறைத்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில், டேஷ்போர்டு நடுவே ஒட்டிய பிள்ளையார் இருந்தார். அவரைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்றேன்.

“பூச போட்டு வச்சது மாமா. எடுக்கக் கூடாது” என்றான் பின்சீட்டிலிருந்த மச்சினன்.

வண்டிக்கு அநியாயம் செய்யக் கூடாதென்று பிள்ளையாரைத் தவிர்த்து எட்டிப் பார்த்தேன். கூடுதலாகத் தெரிந்தது அந்தப் பெண்ணின் கொண்டை மட்டும்தான்.

திரும்பும்போது மச்சினன்தான் ஓட்டினான். பஸ் பாஸ் எடுத்துவிடுகிறேன் என்று மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள். என் கருத்து ஜெயித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் திண்டிவனத்தில், பழைய கார் விற்கும் ஒருவரிடம் இன்னொரு மீன்தொட்டி நிற்பதாகக் கேள்விப்பட்டு, அரை மனதோடு இருந்தவளை அழைத்துப் போனேன். மெல்லிய தூண்கள், தாழ்ந்த ஜன்னல்கள். இருக்கையை உயர்த்த ஒரு நெம்புகோலும் இருந்தது. இந்த முறை அவளே உள்ளே உட்கார்ந்துகொண்டு, என்னை இடது முன்மூலையில் குந்தச் சொன்னாள். குந்தினேன்.

“இன்னும் கீழ.”

குனிந்தேன். விற்பவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

“என்னங்க, உங்க வழுக்க தெரியுது. வாங்கிடலாம்.”

திருவாமாத்தூர் கோயில் வாசலில் பூஜை போட்டோம். மச்சினன் ஒரு பிள்ளையார் வாங்கி வந்தான். அவள் அவரைக் கியருக்கு முன்னாலுள்ள தாழ்ந்த தட்டில் வைத்தாள். இப்போது தினமும் அவளே திண்டிவனம் போய்வருகிறாள். பஸ் பாஸ் எடுக்கவே இல்லை.

வாங்கியபோதே அந்த நெம்புகோல் தேய்ந்து வழவழவென்றிருந்தது. முன்பு வைத்திருந்தவரும் குள்ளமான ஒரு பெண்தான் என்றார் விற்றவர். அந்தப் பெண்ணைத் தேடிக் கேட்டதில்லை. அது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.