மூன்று முறை செத்தவன்

போன வாரம் கைப்பேசியின் கண்ணாடி உடைந்துவிட்டது. இந்த வயதில் கையில் எதுதான் நிற்கிறது? பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் போன் கடைக்குக் குறைவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை என்பதால் எனக்குத் தெரிந்த கடைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கடை இருக்கும் பக்கமாக நான் வருடக்கணக்காக நடப்பதில்லை. வேண்டுமென்றே எதிர்ப்பக்க நடைபாதையால்தான் போவேன். அன்று வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

கடைப் பொடியன் கண்ணாடியைச் சூடுகாட்டிக் கழற்றினான். பசை உருகும் வாடை. அதற்கும் அடியில், நிலத்துக்குள்ளிருந்து எழும்பி வருவதுபோல இன்னொரு வாடை. ஈரச் சுவரும் கருவாடும் கலந்தது. இத்தனை முறை சுவருக்கு வெள்ளை பூசியும் அது போகவில்லை. பொடியன் வேலை செய்தபடியே தன் போனில் எதையோ பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தான்.

"அங்கிள், இதைப் பாருங்கோ. சரியான பகிடி."

ஒட்டிய கன்னமும் தள்ளிய காதுகளும் உள்ள ஒருவன் வாள்வெட்டு வாங்கி விழுந்தான். திரையில் பெரிதாக ‘ஒன்று’ என்ற இலக்கம் வந்தது. பின்னால் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

அந்த இடம் ஒருகாலத்தில் பாலனின் வீடியோக் கடை. பாலன் என்னைவிடப் பத்து வயது இளையவன், இளமையில் கப்பலில் வேலை செய்தவன். கப்பல் பழுதாகிச் சுரபாயாத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்தபோது, வெயிலுக்கு ஒதுங்க அவன் கண்டுபிடித்த இடம் சினிமாக் கொட்டகை. அங்கேதான் இந்தோனேசிய மந்திரச் சண்டைப் படங்களில் பைத்தியம் பிடித்து, அந்த மொழியையும் ஓரளவு பிடித்துக்கொண்டான். பாரிசுக்கு வந்தபிறகு எங்கெங்கோ சொல்லிவைத்துப் பழைய வீடியோ நாடாக்களைச் சேர்த்தான்.

என்ன படங்கள் அவை! மந்திரவாதி தன் தலையைக் கழற்றிப் பறக்கவிடுவான். குடலும் கூடவே தொங்கிக்கொண்டு பறக்கும். தலையைத் தூக்கும் நூல் வெளிச்சத்தில் பளபளக்கும். முதலை அரசியின் முதலைக்கு வயிற்றில் உடுப்பு ஜிப் தெரியும். வீரன் ஒரு தென்னைக்கு மேலால் பாய்வான். அடுத்த காட்சியில் அந்தத் தென்னையே இராது.

திங்கட்கிழமை பின்னேரங்களில் பாலன் கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் இவற்றைக் காட்டுவான். எங்களில் பலர் உணவகங்களில் கோப்பை கழுவியவர்கள். எங்களுக்கு அன்றுதான் லீவு. பக்கத்து மளிகைக்கடையின் கருவாட்டு மூட்டைகளும் அங்கேதான் கிடக்கும். மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்வோம். பாலன் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் தானே தமிழில் பேசுவான். முதலை அரசிக்கு அவன் கொடுத்தது நாங்கள் எல்லோரும் அறிந்த ஒரு காய்கறிக்கடை முதலாளியம்மாவின் குரல். "என்ன தம்பி, கத்தரிக்காயை அமத்தி அமத்திப் பாக்கிறியள், வாங்கிறேல்லையோ?" என்று வாளோடு நிற்கும் வீரனை அரசி கேட்பாள். நிலவறை அதிரும்.

நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவன், பட்டதாரி. அங்கே எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. இந்தக் குப்பையைப் பார்க்க வருகிறேனே என்ற வெட்கத்தில் ஒரு புத்தகத்தையும் கொண்டுபோவேன். அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

ஒரு படத்தில்தான் அந்த ஒட்டிய கன்னக்காரன் வந்தான். ஆள் பிடிக்கக் காசில்லாத படம். முதல் காட்சியில் அவன் ஊர்வாசியாகச் செத்தான். பிறகு மீசை ஒட்டிக்கொண்டு அரண்மனைக் காவலாளியாக வந்து செத்தான். பிறகு சிவப்புத் துணி கட்டி மந்திரவாதியின் சீடனாக வந்து அப்போதும் செத்தான். "டேய், செத்தவீடு முடியேல்லை, அதுக்குள்ள வந்திட்டான்!" என்று யாராவது கத்துவார்கள். கடைசியில் வீரனுக்குக் கலியாணம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், மீசையும் துணியும் இல்லாமல், ஒரு பழக்கூடையோடு அவன் நிற்பான்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில வாரங்கள் நிலவறை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது, முன்பு வராத சிலரும் வந்தார்கள். வீட்டில் தனியே இருக்க ஏலாது என்று வந்தவர்கள். புறநகரான திரான்சியிலிருந்து வந்த சரசு அக்கா அவர்களில் ஒருவர். அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்தவர். அவருடைய மகன் சீலன் வன்னியில், போரின் கடைசி நாட்களில் காணாமல் போயிருந்தான். செத்தான் என்றும் சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்றும் சொல்ல ஆளில்லை.

அன்று பாலன் யோசிக்காமல் அந்தப் படத்தைப் போட்டுவிட்டான். ஒட்டிய கன்னக்காரன் மீசையோடு திரும்பி வந்தபோது அக்கா கேட்டார்: "இவன் முதல் செத்தவன் எல்லோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பாலன் சொன்னான்: "இல்லை அக்கா. அவன் சாகேல்லை. செத்தமாதிரிக் கிடந்தவன்."

"பிறகு?"

"பிறகென்ன, அவங்கள் போனாப்பிறகு எழும்பி, முழங்கால் தண்ணிக்குள்ளாலை நடந்து வந்தவன். ஆள் தெரியக்கூடாதெண்டு மீசை வைச்சிருக்கிறான்."

அடுத்த திங்களும் அக்கா அதே படத்தைக் கேட்டார். அதற்கடுத்த திங்களும். வீரனும் அரசியும் ஒதுங்கிப்போனார்கள். பாலன் அந்த ஒருவனின் கதையையே சொன்னான். பழக்கூடையோடு அவன் நிற்கும்போது அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, பையை எடுத்துக்கொண்டு எழும்புவார்.

நான் பாலனைக் கண்டித்தேன். "தாய்மனுசிக்குப் பொய் சொல்லுறது பாவம்."

"நான் அவவுக்கு ஒண்டும் சொல்லேல்லை மாஸ்டர். படத்துக்குத்தானே கதை சொல்லுறன்."

இவ்வளவு நியாயம் பேசிய நான் பிறகு செய்ததைக் கேளுங்கள்.

அந்த நாட்களில் ஒரு பிரெஞ்சு இளைஞன் கடைக்கு வரத் தொடங்கினான். தாடிக்காரன், பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட படங்களை ஆராய்ந்தவன். அவனைப் போன்றவர்கள் பாரிசில் ஒரு கூட்டமே இருந்தார்கள். எவ்வளவு மோசமான படமோ அவ்வளவு கொண்டாட்டம். ஒட்டிய கன்னக்காரன் அவர்களுக்கும் ஒரு சாமி. அந்த இளைஞன் என்னை 'மிசியூ', அதாவது ஐயா, என்று அழைத்தான். 'நீங்கள்' என்று பேசினான். நான் கோப்பை கழுவிய சமையலறைகளில் என்னை 'நீ' என்று சொல்லாத ஒரு வெள்ளைக்காரரையும் நான் கண்டதில்லை. அந்த ஒரு 'நீங்கள்' போதுமாயிருந்தது. நிலவறையில் நடப்பதையெல்லாம் அவனிடம் கொட்டினேன், அக்காவைப் பற்றியதைத் தவிர.

ஆற்றுக்கு அப்பால் ஒரு சிறிய திரையரங்கில் ஞாயிறு மாலை அந்தப் படத்தைப் போட்டார்கள். பாலன் தமிழில் கதை சொல்வது, நான் அதைப் பிரெஞ்சில் சொல்வது என்று ஏற்பாடு. பாலன் முதலில் மறுத்தான். பெரிய திரையில் பார்க்கலாமா என்று ஆசைப்பட்டது அக்காதான். நல்ல சேலை உடுத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதலாவது சாவுக்கே அரங்கம் கைதட்டி "ஒன்று!" என்று கத்தியது. பாலன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். மீசைக்காரன் வந்தான். பாலன் வழக்கம்போலச் சொன்னான்: "இவன் சாகேல்லை. தண்ணிக்குள்ளாலை நடந்து வந்தவன். தாய் பாத்துக்கொண்டு இருக்கிறா எண்டு அவனுக்குத் தெரியும்."

ஒலிவாங்கி என் கையில். நூறு முகங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பிரெஞ்சில் சொன்னேன்: "இவருக்கு ஒரு சாவுக்கு அரைவயிற்றுச் சோறுதான் கொடுக்கிறார்களாம். அதனால் இன்னொரு முறை சாக வந்திருக்கிறார்."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்ததையும் அப்படியே சொன்னேன், அதற்கடுத்ததையும். அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்காது, பாலனுக்கு விளங்கும். அவன் பேச்சை நிறுத்திவிட்டான். நான் நிறுத்தவில்லை, அவன் பேசாததற்கும் சேர்த்து மொழிபெயர்த்தேன்.

பழக்கூடைக் காட்சியில் ஒருவரும் கைதட்டவில்லை. அதற்குள் எழும்பிக் குளிரங்கிகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார். முகம் மலர்ந்திருந்தது.

"மாஸ்டர், அவன் வரேக்கை அவையள் எவ்வளவு சந்தோசப்படுகினம்! அவையளுக்கும் விளங்குது, என்ன?"

"ஓம் அக்கா," என்றேன்.

பாலன் மெத்ரோவில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். லா சப்பலில் இறங்கியபோது ஒன்றே ஒன்று சொன்னான்: "நான் சொன்னதை நீங்கள் சொல்லேல்லை."

அதற்குப் பிறகு அவன் நிலவறையைத் திறக்கவில்லை. ஏனென்று அக்காவிடம் சொல்லவும் இல்லை. அவர் என்னைக் காய்கறிக் கடையில் கண்டால், "மாஸ்டர், அந்தப் பொடியன்ரை படம் இனி எப்ப?" என்று கேட்பார். கொஞ்சம் பொறுங்கோ என்பேன். பிறகு அவரைத் தூரத்தில் கண்டால் வேறு கடைக்குள் நுழையப் பழகிக்கொண்டேன். பாலன் கடையைக் கொடுத்துவிட்டு இலண்டன் போனான், எனக்குச் சொல்லவில்லை. நாடாக்களும் அவனோடு போயின.

அக்கா போனதை மளிகைக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் பார்த்தேன். நம்மவர் வழக்கப்படி கணவர், பிள்ளைகள், மருமக்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. கணவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தார்கள். சீலனின் பெயருக்கு முன்னால் போடவில்லை.

பொடியன் கண்ணாடியைப் பொருத்தி முடித்தான். அவன் போனில் 'மூன்று' வந்து, சிரிப்பும் ஓய்ந்தது.

"கடைசியிலை இன்னொருக்கா வருவான் தம்பி. பழக்கூடையோட நிப்பான்."

அவன் விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். "இல்லை அங்கிள். மூண்டோட சரி. சே தூ, அவ்வளவுதான்."

"முழுப்படம் இருக்கோ?"

தேடினான். எங்கும் இல்லை. எல்லோரும் இந்தத் துண்டைத்தான் வெட்டி வைத்திருக்கிறார்கள்; செத்தவன் உயிரோடு நிற்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அவன் சாகேல்லை," என்றேன். "நான் கண்டனான்."

பொடியன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, நன்றாகச் சிரித்தான்.