மூன்று பேர் வந்தால்தான் திறக்கும் அறை

எங்கள் பேரூராட்சியில் கேமரா வைத்தபோது நான் உறுப்பினராகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பெண்ணையாற்றை ஒட்டிய சின்ன ஊர், சுற்றிலும் நெல்லும் கரும்பும். பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, காலனிக்குப் பிரியும் முனை எனக் கம்பத்துக்குக் கம்பம் கேமரா ஏறியது. வியாபாரிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு நானும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். படம் எந்த இடத்தில் தெரியும், யார் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்க இரும்புக்கடைக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. கடை முதலாளி வியாபாரிகள் சங்கத்தில் பெரிய ஆள். உள்ளறையில் ஒரு பெரிய டிவி ஓடிக்கொண்டிருக்க, எதிரே நாலைந்து ஆண்கள் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் எங்கள் பேருந்து நிறுத்தம்.

"தோ பாரு, இன்னிக்கும் அவன்கிட்டயே பேசிக்கினு நிக்குது" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கல்லூரிப் பேருந்துக்கு நின்ற ஒரு பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. அவள் என் வார்டுப் பெண். பேசிக்கொண்டிருந்த பையன் அவளுடைய சித்தப்பா மகன். நான் தாழ்ப்பாளை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசினேன். எங்கள் உரக்கடையில் உட்கார்ந்து விவசாயிகளோடு மல்லுக்கட்டிய குரல் எனக்கு. மைக் வேண்டியதில்லை.

"கேமரா அவங்க வாங்கிக் குடுத்ததும்மா. நாம இன்னா சொல்றது?" என்றார் பேரூராட்சித் தலைவர்.

"கேமரா அவங்களுது. கம்பம் யாருது? கரண்டு யாருது? அதுல தெரியற பொண்ணுங்க யாரு வூட்டுப் பொண்ணுங்க?"

என் பக்கம் முதலில் கையைத் தூக்கியவர் காலனி வார்டு உறுப்பினர். கொத்தனார் வேலை செய்பவர், என்னைவிட மூத்தவர், கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவர் பேசினார். "எங்க தெரு முனையில மட்டும் ரெண்டு கேமரா இருக்குது. ஊர்த்தெருவுக்கு ஒண்ணுகூட இல்ல. வெக்கறதா இருந்தா எல்லாருக்கும் வெய்யுங்க."

ஊர்த்தெரு என்றால் நாங்கள் குடியிருக்கும் தெரு. அவர் சொன்னது நியாயம் என்று நான் சொன்னதும் எங்கள் ஆட்களில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. ஊர்த்தெருவுக்கும் கேமரா. டிவியும் பதிவுப்பெட்டியும் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு பூட்டிய அறைக்குள். பழைய பதிவைப் பார்க்க வேண்டுமானால் காவல்துறை எழுதிக் கேட்க வேண்டும். செயல் அலுவலர், காலனி உறுப்பினர், நான் ஆகிய மூவரும் சேர்ந்து நின்றுதான் அறையைத் திறக்க வேண்டும். சாவி என்னிடம் இருந்தது.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் சமூகத்துக்குத் தந்த ஒதுக்கீடு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரெல்லாம் கொதித்தது. எங்கள் ஊரில் முன்னால் நின்றவர் என் கொழுந்தனார், என் கணவருடைய தம்பி. அந்தக் கோரிக்கையில் எனக்கும் முழு உடன்பாடு. கள்ளக்குறிச்சி ஆர்ப்பாட்டத்துக்கு வெயிலில் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மறியலுக்கு அழைத்துக் கடைத்தெருவில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ஒருநாள் காலையில் அது நடுவில் கிழிந்து தரையில் கிடந்தது. டீக்கடை திறந்த கொஞ்ச நேரத்துக்குள் "காலனிப் பசங்க வேலை" என்ற பேச்சு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நான் அலுவலகத்துக்குப் போனபோது வாசல் நிறைய ஆட்கள். காலனி முனையிலும் எங்கள் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கொழுந்தனார் வேகமாக வந்தார்.

"அண்ணி, சாவியக் குடுங்க. யாருன்னு பாத்துட்டு வந்துடறோம்."

"மூணு பேரும் இருந்தாத்தான் தெறப்பேன். காலனி உறுப்பினர் வரணும்."

"இன்னா அண்ணி பேசறீங்க! நீங்க நம்ம ஆளா இல்லியா?"

"நான் நம்ம ஆளுதான். நாம மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா அவங்க நம்புவாங்களா? அவங்க மட்டும் பாத்துட்டு வந்து சொன்னா நீ நம்புவியா?"

நான் ஒரு நாற்காலியை இழுத்து அறைக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். செய்வது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் வேறொன்று இருந்தது. காலனி உறுப்பினர் ஊரில் இல்லை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சுற்றுச்சுவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. கடைசியில் மலையிலிருந்த ஒரு மளிகைக்கடைக்காரரைப் பிடித்தோம். அவர் தன் வண்டியிலேயே போய்த் தகவல் சொல்லி, அப்படியே உறுப்பினரைக் கள்ளக்குறிச்சி வரை கொண்டுவந்து விட்டார்.

அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "எழுதித் தர்றேன் மேடம், இப்பவே தெறங்க. லேட்டானா பிரச்சன பெருசாயிடும்."

"எழுதிக் குடுங்க சார். அது வேணும். ஆனா அவரும் வரணும். அவர் வர்ற வரைக்கும் காலனி முனையில நீங்க நில்லுங்க. நீங்க அங்க நின்னா ஒண்ணும் ஆவாது."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு போய் நின்றார். அதற்காக அவரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

மதியம் சாய்ந்த பிறகு காலனி உறுப்பினர் வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். வாசலில் நின்ற கூட்டத்தின் நடுவில் நடந்து வந்தார். யாரும் அவரைத் தொடவில்லை, வழியும் விடவில்லை. உடம்பை ஒடுக்கி ஒடுக்கித்தான் வந்து சேர்ந்தார்.

நாங்கள் மூவரும் சப்-இன்ஸ்பெக்டரும் உள்ளே போனோம். செயல் அலுவலர் பதிவை ஓட்டினார். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஆளில்லாத கடைத்தெரு. ஒரு டிராக்டர் வருகிறது, டிரெய்லர் கொள்ளாத கரும்பு. பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த கரும்புக்கட்டு பேனர் கயிற்றில் மாட்டி இழுக்கிறது. பேனர் கிழிந்து விழுகிறது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்து, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறார். கட்டப் பார்க்கிறார், முடியவில்லை. தலையில் கைவைத்தபடி நாலு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்.

காலனி உறுப்பினர் அப்படியே சுவரில் சாய்ந்தார். "காலையில இருந்து எம் பொண்டாட்டி புள்ளைங்க வூட்டுக்குள்ள பூட்டிக்கினு கெடக்குதுங்கம்மா" என்றார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

வெளியே வந்து சொன்னோம். கூட்டத்தில் முணுமுணுப்பு.

"எந்த வண்டி? யாரு ஓட்டினது?" என்றார் கொழுந்தனார்.

"கரும்பு வண்டி. அவ்ளோதான் சொல்வேன். வேணும்னு செய்யல, பாவம்."

"அந்த வீடியோவ எங்க குரூப்புக்கு அனுப்புங்க."

"அனுப்பமாட்டேன். அனுப்பினா நாளைக்கு அந்த ஆள அடிப்பீங்க."

"சத்தியமா கரும்பு வண்டிதானா அண்ணி?"

"என்னை ஏன் கேக்கற? நான் சொன்னா அண்ணி அவங்க பக்கம் பேசறாங்கம்ப. தோ நிக்கறாரே, அவரக் கேளு."

கொழுந்தனார் காலனி உறுப்பினரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்த இருவர். கொழுந்தனார் அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை. "நீங்க பாத்தீங்களா?" என்றார். அந்த 'ங்க' எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"பாத்தேங்க. டிராக்டரு. கரும்பு மாட்டி இழுத்துடுச்சி."

கொழுந்தனார் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "வாங்கடா, வேற பேனர் அடிக்கணும்" என்று நடந்தார். பின்னால் மற்றவர்களும் போனார்கள். சொன்ன நாளில் மறியல் நடந்தது. நானும் போனேன். கொழுந்தனார் அதன்பிறகு பல வாரங்கள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அவர் மகளுக்குக் காது குத்தியபோது வந்து பத்திரிகை வைத்தார், பேச்சும் பழையபடி ஆனது.

இதனால் காலனி உறுப்பினரும் நானும் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே சண்டை. காலனிக் குடிநீர்த் தொட்டியில் யாராவது எதையாவது கலந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அங்கே ஒரு கேமரா வேண்டும் என்றார். தொட்டிக்குக் கீழேதான் பெண்கள் துணி துவைக்கும் கல். கூடாது என்றேன் நான். மாலைவரை வாதம் நடந்தது. கடைசியில் அந்தத் தெருப் பெண்களையே கேட்பது என்று முடிவாகி, கேமரா மாட்டும் ஆளோடு இருவரும் போனோம்.

கேமரா வேண்டும் என்றுதான் பெண்கள் சொன்னார்கள். என் வாதம் அங்கே தோற்றது. ஆனால் படம் அந்த ஆளின் போனில் எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொன்னார்கள். போன் கைமாறிக்கொண்டே போனது. மேலே ஏணியில் ஆள்.

"தொட்டி மூடி மட்டும் தெரிஞ்சாப் போதும். இன்னும் மேல தூக்குப்பா" என்று ஈரப் புடவையோடு நின்ற ஒருத்தி கத்தினாள். "இன்னும்... இன்னுங்கொஞ்சம்... ஆங், நிறுத்து!"